கம்பி பிரஷ் சத்தம்

"பட்டறைய எனக்குக் கொடுத்துடுங்கப்பா."

சொல்லிவிட்டாள். அம்மாவின் கையிலிருந்த ஈரத்துணி அப்பாவின் உதட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரு சொட்டு அவர் தாடையில் விழுந்து கழுத்துக்கு வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். காலேஜில் சேர்த்த அன்றே அம்மா அடுப்படியில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "உனக்குப் படிப்பு, அண்ணனுக்குப் பட்டறை. அப்புறமா வந்து இதுல பங்கு அதுல பங்குன்னு நிக்கக் கூடாது." அவளும் தலையாட்டினாள். அந்த வயதில் பட்டறை என்றால் என்ன? பெயிண்ட் தின்னர் நாற்றம், சோப்புக்குப் போகாத கறுப்பு, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் இரண்டு கால்கள். படிப்பு என்றால் இதிலிருந்தெல்லாம் தப்பிப்பது. யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

"உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?" வாசற்படியில் செல்போனும் கையுமாக நின்ற அண்ணன் கேட்டான். "கேக்குற நேரமா இது?"

"வேற எப்பக் கேக்கணும்? போனப்புறமா?"

"வாயக் கழுவுடி" என்றாள் அம்மா.

அப்பா மூவரையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிப் போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவர் பார்ப்பது ஒரே இடத்தைத்தான். கட்டிலை ஒட்டிய சுவரை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பட்டறை. அங்கிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. சர்க், சர்க், சர்க். கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி சர்க், சர்க். இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிற சத்தம். அண்ணி தேய்க்கிற சத்தம்.

"ராப்பகலா பக்கத்துல உக்காந்திருக்கேன், இந்தச் செவுரத்தான் பாக்குறாரு மனுஷன்" என்று நேற்று அம்மா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

அவள் கட்டிலருகே குனிந்தாள். "அப்பா. காதுல விழுதா? நான் கேட்டது."

அவருடைய உதடு அசைந்தது. அவள் காதை வைத்தாள். மூச்சில் இன்னும் தின்னர் வாடை இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"நின்னுடுச்சு" என்றார்.

"என்னது?"

"சத்தம். போயி... பாரு."

வாழ்நாளில் முதல்தடவை வாய்விட்டு ஒன்று கேட்டதற்கு அதுதான் பதில். மருமகளின் பிரஷ் ஏன் நின்றது என்று பார்த்துவரச் சொல்கிறார். அவள் எழுந்தாள். அண்ணன் வழிவிட்டபோது அவன் முகத்தில் இருந்தது இளிப்பா என்று பார்த்தாள். இளிப்புதான்.

*

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு டீத் தம்ளரைத் தூக்கிப் பிடிக்கக் கூடக் கூச்சப்படுகிறவளாக இருந்தாள். அண்ணனுக்குப் பட்டறை ஒத்துவரவில்லை. தூசி பட்டால் தும்மல், கறுப்பு பட்டால் கோபம். அவன் செல்போன் கடை வைத்துக்கொண்டு போய்விட்டான். ஒருநாள் வேலைக்கு ஆள் வரவில்லை. விளக்கைப் பிடிக்க யாருமில்லை. "கொஞ்சம் வாம்மா" என்று அப்பா கூப்பிட்டார். அண்ணி போய் விளக்கைப் பிடித்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் திரும்பி வரவில்லை.

பெற்ற மகள் பட்டறை வாசலில் வந்து நின்றாலே "உள்ள வராதே, புத்தகம் தொடுற கை" என்று விரட்டியவர் அவர். எங்கிருந்தோ வந்தவளை வண்டிக்கடியில் பக்கத்தில் படுக்க வைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தார். இதை லீவுக்கு வந்தபோதெல்லாம் அவள் பார்த்தாள். பட்டறை வாசலில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து பேச்சே வராது. பேச்சு வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

இன்றைக்கு இரண்டு கால்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தது டிரைவிங் ஸ்கூல்காரரின் வண்டி. கூரையில் மஞ்சள் பலகை.

"என்ன ஆபீசரம்மா, வழி தவறிட்டீங்களா?" வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

"சத்தம் நின்னுடுச்சாம். பாத்துட்டு வரச் சொன்னாரு."

கீழே ஒரு சின்னச் சிரிப்பு. "எல்லாம் போச்சு, காது மட்டும் அப்படியே இருக்கு. கை மரத்துப் போச்சுன்னு சொல்லு. ஒரு கையில லைட்டு, ஒரு கையில பிரஷ்ஷு. எத்தன நேரம்தான் பிடிக்கிறது? போன வாரம் வரைக்கும் மாமா ஸ்டூல் போட்டு உக்காந்து பிடிச்சாரு."

"இன்னைக்கே செய்யணுமா இத?"

"நாளைக்கு ஸ்கூல்காரருக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு இருக்கு, பசங்களக் கூட்டிட்டுப் போகணும். அதுவும் இல்லாம..." அண்ணி நிறுத்தினாள். "நேத்து நான் சும்மா உக்காந்திருந்தேன், வேல செய்யலன்னு மாமா சாப்பிடவே இல்ல. சத்தம் கேட்டாத்தான் தண்ணியாவது எறங்குது."

இது அவளுக்குத் தெரியாது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கெஞ்சி, ஸ்பூனால் கஞ்சி ஊட்டப் பார்த்தது அவள். இறங்க வைத்தது இவள்.

கிடந்த அட்டையை இழுத்துப் போட்டு அவள் படுத்தாள்.

"ஐயோ, என்ன பண்ற? துணியெல்லாம் போயிடும்."

"லைட்டக் குடுங்க."

கம்பிக்கூண்டு போட்ட விளக்கை வாங்கினாள். அது சுட்டது. பிடி இருக்கிற இடம் எது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அண்ணி அவள் விரலை நகர்த்தி வைத்தாள்.

ஒரு வண்டியின் அடிவயிற்றை அவள் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். சிரிப்பான விஷயம் என்னவென்றால் அவளுடைய சம்பளமே இதில்தான் வருகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க அவள் பார்ப்பது வண்டிகளின் படங்களைத்தான். நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு, கல்லில் இடித்துக் கிழிந்த அடிப்பாகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 'பழைய துரு, ஏற்பதற்கில்லை' என்று அடித்து அனுப்பிவிடுவாள். அதில் அவள் கெட்டிக்காரி. படங்களில் வாடை வராது. மேலிருந்து மண் கண்ணில் விழாது.

கறுப்புக் கோட்டிங் தோல் மாதிரி அடியெங்கும் பூசியிருந்தது. நடுவில் நீளமாக ஓரிடத்தில் உரிந்து, ஓரங்கள் உதடு மாதிரி தொங்கின. உள்ளே இரும்பில் காவி நிறம் ஏறியிருந்தது.

"ஓட்டக் கத்துக்க வந்த ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க பாரு" என்றாள் அண்ணி. "இந்தக் கோடு ஒரு பேங்க் மேனேஜர். ஸ்பீடு பிரேக்கரப் பாத்தா கண்ண மூடிக்குவாராம். இது ஒரு பொண்ணு. மாப்பிள்ள வர்றதுக்குள்ள லைசென்ஸ் எடுத்தே தீருவேன்னு வந்து, எடுத்துட்டா. மாப்பிள்ளதான் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

அண்ணி தொங்குகிற ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சுரண்டியை வைத்துத் தள்ளினாள். கறுப்பு வாழைத்தோல் மாதிரி சுருண்டு வந்தது. இன்னும் தள்ளினாள். இன்னும் வந்தது. "உரியற வரைக்கும் உரிக்கணும். உரிய மாட்டேன்னு சொல்ற எடத்துலதான் நிக்கணும். பாவம் பாத்து விட்டோம்னா அதுக்குள்ள போயித் தண்ணி உக்காந்துக்கும்."

குரல் அண்ணியுடையது. பேச்சு அப்பாவுடையது. 'பாவம் பாத்து' என்கிற இடத்தில் ஒரு இழுப்பு இருந்ததே, அதுகூட அவருடையதுதான். சுரண்டி இறுகிய இடத்தில் மாட்டியபோது அண்ணி பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினாள். ஸ்ஸ். அவள் கையிலிருந்த விளக்கு நழுவப் பார்த்தது. அப்பா நகம் வெட்டும்போது, கணக்குப் பார்க்கும்போது, அவளுடைய மார்க் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது செய்த அதே ஸ்ஸ். ரத்தத்தில் வருகிற பழக்கம் என்றால் அவளுக்கல்லவா வந்திருக்க வேண்டும். பக்கத்தில் படுத்தே வாங்கிக்கொண்டுவிட்டாள் இவள். கேட்காமல், படிக்காமல், பரீட்சை எழுதாமல்.

"லைட்ட இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினாள்.

"உங்கிட்ட என்னதான் பேசுவாரு மாமா, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஃபோன்ல?" அண்ணி வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"என்ன பேசுவாரு, வண்டியப் பத்திதான். எந்த வண்டி வந்துச்சு, எங்க துரு இருந்துச்சு. நான் ஊம் கொட்டிட்டே துணி மடிப்பேன்."

"எங்கிட்டப் பேசினதெல்லாம் இப்ப நான் சொன்னேன் பாரு, அதுதான். லைட்டத் திருப்பு, பிரஷ்ஷ எடு, பாவம் பாக்காத. நாள் முழுக்க அவ்வளவுதான்." அண்ணி பிரஷ்ஷை எடுத்தாள். தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"குடுங்க. நான் தேய்க்கிறேன்."

"உன் கையில இதக் குடுத்தேன்னு தெரிஞ்சா மாமா எந்திரிச்சு வந்து என்னை அடிப்பாரு."

"எந்திரிச்சா நல்லதுதானே."

ஒரு நொடி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். வயிறு குலுங்க, சத்தம் வராமல், மேலே இரும்பில் நெற்றி இடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது பிரஷ் அவள் கையில் இருந்தது.

தேய்த்தாள். முதல் இழுப்பிலேயே துருப்பொடி கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள். சர்ர்க். சர்க். சர்ர்ர்க். அண்ணி தேய்த்தபோது ஒரே சீராக வந்த சத்தம் அவளுக்கு நொண்டியது. தோள்பட்டை எரிந்தது. விடவில்லை. காவிக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை எழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, பிறகு இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. இரும்புக்கு இவ்வளவு வெளிச்சம் உண்டென்று எந்தப் படத்திலும் அவள் பார்த்ததில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா கத்தினாள்.

*

அழுது முடித்து, மறுபடி அழுவதற்கு நடுவில் இருந்த இடைவெளியில் அம்மா சொன்னாள். அண்ணன் வெளியே போய் ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் கேட்டுட்டுப் படுத்திருந்தாரு. சத்தம் திரும்ப வந்துச்சா, உடனே புருவத்தச் சுருக்கினாரு. 'யாரு தேய்க்கிறா'ன்னாரு. மருமகதான்னு சொன்னேன். இல்லன்னு தலைய ஆட்டினாரு."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேட்டுட்டே இருந்தாரு. கண்ண மூடினாரு. தூங்குறாருன்னு நெனச்சேன்."

"முகம் எப்படிம்மா இருந்துச்சு? கோவமா?"

"தெரியலயேடி."

"சிரிச்சாரா?"

"தெரியலன்னா விடேன்" என்று அம்மா மறுபடி அழத் தொடங்கினாள்.

பல்லாயிரம் தேய்ப்புகளுக்கு நடுவில் இது மருமகளின் கை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது யாருடைய கை என்று தெரிந்ததா? தெரிந்திருந்தால், புத்தகம் தொடுற கை என்று கடைசியாக ஒருமுறை கோபித்துக்கொண்டா போனார்? இனிமேல் யாரிடம் கேட்பது? ஒன்று மட்டும் உறுதி. அண்ணியின் கையை அவர் காதாலேயே அடையாளம் வைத்திருந்தார். அவளுடைய கையை அடையாளம் வைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஆட்கள் வந்தார்கள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தினார்கள். முகத்தைத் துடைத்தாயிற்று, தலையைச் சீவியாயிற்று. நகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்தக் கறுப்பு அவரோடுதான் போகும். அவருடைய காலடியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் நகத்திலும் அதே கறுப்பு. அறையிலிருந்த எல்லோரும் அதைப் பார்க்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. அவள் தன் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குள் உறுத்திக்கொண்டிருந்த ஒரு துகளைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை.

மழை பிடித்தது.

கூரையில் முதல் சொட்டுகள் விழுந்ததுமே அண்ணியின் தலை சுவர்ப்பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். யாரோ கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அண்ணியும் அழுகிறாள், கண் மட்டும் சுவரில் இருக்கிறது. என்னவென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒன்று, துணி மடித்துக்கொண்டே ஊம் கொட்டிய பேச்சு, இப்போது வரிக்கு வரி வந்தது. 'தேச்ச இரும்ப வெறுமனே விட்டுட்டு டீ குடிக்கக்கூடப் போகக் கூடாதும்மா. மழைக்காலம்னா பாத்துட்டு இருக்கும்போதே துரு பூத்துடும். உடனே பிரைமர் அடிச்சு மூடிடணும்.'

அண்ணி எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"மாமனாரு கெடக்குறாரு, இவ எங்க எந்திரிச்சுப் போறா?" என்றாள் அத்தை.

"பாத்ரூமா இருக்கும்."

"இத்தன நேரமா?" என்றாள் அத்தை, கொஞ்சம் கழித்து.

அவளும் எழுந்தாள்.

*

விளக்கை ஸ்டூல் காலில் சாய்த்து வைத்து அண்ணி படுத்திருந்தாள். சர்க், சர்க், சர்க். சீரான அந்தச் சத்தம். அவள் குனிந்து பார்த்தாள். அண்ணி தேய்த்துக்கொண்டிருந்தது தான் தேய்த்த இடத்தை அல்ல. அவள் தேய்த்த அந்த இரண்டு உள்ளங்கை இடத்தை.

"அத விடுங்க."

"பூத்துடுச்சு" என்றாள் அண்ணி.

"உங்க பக்கமும்தான் பூத்திருக்கு. அத மொதல்ல தேயுங்க."

"அங்க மேலாக்கத்தான். ஒரு தடவ தேச்சா போயிடும். இங்க பாரு, குழிக்குழியா உள்ள கறுப்பு இருக்கு. நீ மேல பளபளன்னு ஆக்கிட்ட, உள்ள இருக்குறத எடுக்கல. இப்படியே மூடினா உள்ளுக்குள்ளயே தின்னும்."

உண்மைதான். விளக்கு சாய்ந்திருந்த கோணத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் நன்றாகவே தெரிந்தன. படத்தில் பார்த்திருந்தால் அவளே ஏற்பதற்கில்லை என்று அடித்திருப்பாள். ஆனால் அது படம் இல்லை.

"அது நான் தேச்சது" என்றாள். ஈரத்தரையில், அட்டைகூட இல்லாமல், அவள் உள்ளே ஊர்ந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா கேட்டது அந்தத் தேய்ப்பு. அதையும் அழிச்சிடுவீங்களா?"

"கைய விடு."

"நானே தேய்க்கிறேன். குடுங்க பிரஷ்ஷ."

"நேரமில்ல. உள்ள தேடுவாங்க."

"எல்லாம் உங்களுக்கே வேணும். பட்டறை, அவரு, அவரோட ஸ்ஸு கூட. இந்த ரெண்டு கை எடமாவது..."

"யாருக்கு?" அண்ணி சட்டென்று திரும்பினாள். இருவர் முகமும் அத்தனை பக்கத்தில் இருந்தன. அண்ணியின் கன்னத்தில் துருவும் கண்ணீரும் கலந்து ஒரு காவிக் கோடு இறங்கியிருந்தது. "காலையிலேருந்து தேச்சது நான். தோளு கழண்டு போற அளவுக்குத் தேச்சேன், அந்த மனுஷன் ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்னு. நீ வந்து நாலு இழுப்பு இழுத்த. போறப்ப அவரு காதுல இருந்தது உன் சத்தம். நொண்டிச் சத்தம்! அத நெனச்சு நான் அங்க உக்காந்து வெந்துட்டு இருக்கேன். உனக்கு இன்னும் என்ன வேணும்?"

மழை தகரத்தில் கொட்டியது. அதற்கு மேல் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். உள்ளே அப்பா கிடக்கிறார்.

அவள் மணிக்கட்டை விட்டாள். ஸ்டூல் காலில் சாய்ந்திருந்த விளக்கை எடுத்து, பிடி இருக்கிற இடத்தில் பிடித்து, அந்தக் குழிகளுக்கு நேரே காட்டினாள். அண்ணி தேய்த்தாள். அவள் தேய்த்ததன் மேல் தேய்த்தாள். தின்னர் நனைத்த துணியால் துடைத்தாள். பிரைமரைக் குழைத்துப் பூசினாள். செம்மண் நிறத்தில் இரண்டு இடமும் ஒன்றாகிவிட்டன. எல்லை எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளுக்கும் சந்தேகமாகிவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியாக, கொஞ்சம் இடைவெளி விட்டு, முன்னறைக்குத் திரும்பினார்கள். அத்தை மூக்கைச் சுருக்கினாள்.

*

மழை விட்ட நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது இன்னும் இருந்தது. வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள்.

சித்தப்பா தம்ளரை உருட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். "சொல்லிடு. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டா நல்லது."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "டயர்க் கடைக்காரரு ரொம்ப நாளாவே கேட்டுட்டு இருக்காரு. பட்டறைய அவருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். பின்னாடி எடத்தோட."

அண்ணி தட்டோடு நின்றாள். இது அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்பது, அவள் முகத்தில் ஒன்றுமே தெரியாததிலிருந்து தெரிந்தது.

"ஸ்கூல் வண்டிக்கு இன்னும் கறுப்பு அடிக்கல" என்றாள்.

"அத முடிச்சுக் குடு. அதோட சரி." அண்ணன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "அப்பா இருந்தாரு, கூட நின்ன. ஒண்ணும் சொல்லல நான். இனிமே தனியா அங்கப் படுத்து எந்திரிச்சிட்டு இருக்க வேணாம். கடையில வந்து ஒருத்தன் என்னைப் பாத்து என்ன கேக்குறான் தெரியுமா? 'பட்டறைக்காரி புருஷன் நீங்கதானே'ன்னு கேக்குறான். எல்லார் முன்னாடியும்."

"நல்லாத் தொழில் தெரிஞ்சவன்னு சொல்லிருப்பான்" என்றாள் அம்மா, பலமில்லாமல்.

"நீ சும்மா இரும்மா."

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். குரலில் தேன் தடவியிருந்தது. "உனக்கு இதுல ஒண்ணும் இருக்காதும்மா. நீ படிச்ச புள்ள. உன் பங்க எப்பவோ படிப்பா வாங்கிட்ட. சரின்னு ஒரு வார்த்த சொல்லி, டயர்க்காரரு கேக்குறப்ப ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு. அவ்வளவுதான்."

அம்மாவின் கண் அவளைத் தேடி வந்தது. அதே பழைய கண். கேக்காதே.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. இனிப்பு. சொன்னால் அசிங்கம், ஆனால் அதுதான் வந்தது. அவளுக்கு இல்லாத பட்டறை இனி அண்ணிக்கும் இல்லை. நாளையிலிருந்து அண்ணியும் அடுப்படியில் நிற்பாள், சோப்புப் போட்டுப் போட்டு நகம் வெளுக்கும். அந்த இடத்தில் டயர் அடுக்குவார்கள். சரி என்று ஒரு வார்த்தை போதும். வாய்க்குள் அதைப் புரட்டிப் பார்த்தாள். அண்ணி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. கெஞ்சவில்லை. அந்தச் சனியன் பிடித்த மனுஷி ஒருதரமாவது கெஞ்சியிருந்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பதிலாக, தெரியாமலே, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினாள்.

ஸ்ஸ்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தான். இந்த உலகத்தில் அந்தச் சத்தம் இனிமேல் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வரும்.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள் அவள்.

"என்னது?"

"பட்டறையில எனக்கும் பங்கு இருக்கு. சட்டப்படி இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். டயர்க்காரர வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

"ஓ, சட்டம் பேசுறியா எங்ககிட்ட?" சித்தப்பாவின் தேன் வற்றிவிட்டது.

"படிக்க வச்சீங்கல்ல."

அண்ணன் எழுந்தேவிட்டான். "உனக்கு எதுக்குடி அது? நீயா வந்து படுக்கப் போற வண்டிக்கு அடியில?"

அவள் அண்ணியைப் பார்த்தாள்.

"எனக்காக நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள் அண்ணி. நன்றி என்பது அந்தக் குரலில் மருந்துக்கும் இல்லை.

"உங்களுக்காகப் பேசல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"முதலாளியம்மா மாதிரி வாசல்ல வந்து நிக்கிறதா இருந்தா வராதே. எனக்குப் பிடிக்காது."

"வாரா வாரம் வருவேன். உங்களுக்குப் பிடிக்கணும்னு நான் சொல்லல."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டையா சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்குமே பிடிபடவில்லை. அண்ணி காலித் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். சித்தப்பா இன்னும் குடிக்காத தம்ளரையும் எடுத்துக்கொண்டாள்.

"ஏய், பேசிட்டு இருக்கோம்ல. எங்க போற?" அண்ணன் தங்கையைப் பார்த்துக் கத்தினான்.

அவள் படியிறங்கிவிட்டாள். வாசலில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. பகலில் யார் யாரோ உட்கார்ந்திருந்த குழிவுகளில் மழைத் தண்ணீர் தேங்கி, வானம் தெரிந்தது. அவள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணில் கொட்டியது. பட்டறைப் பக்கம் நடந்துகொண்டே அடுத்ததையும் சாய்த்தாள்.